ஏறினவர் இறங்க வேண்டாமா?

இதுவரை நான் விமரிசனம் என்று எழுதியதெல்லாம் நாவல்களையும் சிறுகதைகளையும் பற்றித்தான். இன்றைக்கு வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எடுத்துக்கொண்டிருப்பது நாவலும் அல்ல, கதையும் அல்ல. ஒரு வரிகூடச் சாகித்தியம் இல்லாத, பத்து வயதுக் குழந்தைகள் வாய் வலிக்கப் பாடுகிற ஒரு பாடம். சங்கீதம் சொல்லிக்கொள்ளப் போன எல்லாருக்கும் அதைத் தெரியும். ஸரளி வரிசையும் ஜண்டை வரிசையும் முடிந்தபின் வருகிற மேல்ஸ்தாயி வரிசை. பழைய புஸ்தகங்களில் 'ஹெச்சு ஸ்தாயி வரிசைகள்' என்று போட்டிருக்கும்.

இதில் விமரிசனம் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்கள் எதிர்வீட்டுப் பெண் தினமும் காலை ஐந்தரை மணிக்கு இந்தப் பாடத்தைச் சாதகம் செய்கிறாள். கைப்பேசி சுருதி போடுகிறது, அவள் பாடுகிறாள். ஒரு மாதமாகப் படுக்கையில் கிடந்தபடியே கேட்டு வருகிறேன். நல்ல குரல், கணீரென்று இருக்கிறது. ஆனால் மேல் ஸட்ஜத்தைத் தொட்டதுதான் தாமதம், யாரோ பின்னால் துரத்துகிற மாதிரி பஞ்சமத்துக்கு ஓடுகிறாள். அங்கே ஒரு கூச்சல். பிறகு படிகளில் தடதடவென்று உருண்டு கீழே வந்து சேருகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தகப்பனார் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி ஸார், பஞ்சமம் பேசுகிறதா?" என்றார்.

"பேசுகிறது" என்றேன்.

"அடுத்த மாதம் போட்டி இருக்கிறது. இன்னும் அரைக் கட்டை ஏற்றிப் பாடச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அப்போதுதான் எடுபடும், என்ன சொல்கிறீர்கள்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. வாசலில் நின்று சொல்லக்கூடியதாக அது இல்லை. அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சங்கீத வித்வான் அல்ல. சிறு வயதில் மூன்று வருஷம் சொல்லிக்கொண்டேன்; மகரக்கட்டு உடைந்ததும் பாட்டு நின்றுபோயிற்று. அந்த மூன்று வருஷத்தில் எனக்கு மிச்சமானது கேட்கிற காதும், இந்த வரிசையைப் பற்றி என் வாத்தியார் சொன்ன இரண்டொரு வார்த்தைகளுந்தான். அவர் பிடில்காரர். கோபம் வந்தால் வில்லாலேயே முழங்காலில் தட்டுவார். ஆனால் மேல்ஸ்தாயி வரிசை ஆரம்பித்த அன்று தட்டவில்லை. "தம்பி, இதுவரைக்கும் நடக்கச் சொல்லிக் கொடுத்தேன். இனிமேல் நிற்கச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்" என்றார். ஏறச் சொல்லிக் கொடுக்கப் போவதாக அவர் சொல்லவில்லை. அந்த வயதில் எனக்கு இது புரியவில்லை.

இப்போது பாடத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம். ராகம் மாயாமாளவகௌளை, மேளகர்த்தா வரிசையில் 15-ஆவது. தாளம் ஆதி. ஆரம்ப பாடங்களை எல்லாம் இந்த ராகத்தில் வகுத்தவர் புரந்தரதாசர் என்பது சம்பிரதாயம். பாடம் ஸ ரி க ம ப த நி ஸ என்று ஏறுகிறது. எட்டு அட்சரத்தில் எட்டு ஸ்வரம். ஓர் ஆவர்த்தனம் தீர்ந்தது. அடுத்து என்ன வரவேண்டும்? நம்மைப் போன்ற கதைக்காரர்களிடம் விட்டிருந்தால் உடனே ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் கிளம்பியிருப்போம். பாடம் அப்படிச் செய்யவில்லை. அடுத்த ஆவர்த்தனம் முழுவதும் மேல் ஸட்ஜத்திலேயே நிற்கிறது. ஏறுவதற்கு எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் நிற்பதற்கு.

இதற்குக் காரணம் இருக்கிறது. தம்புராவின் சுருதிக்குள் மேல் ஸட்ஜம் ஏற்கெனவே இருக்கிறது. ஆதார ஸட்ஜம் ஒரு விநாடிக்கு எத்தனை தடவை அதிருமோ அதைப் போல் இரண்டு மடங்கு அதிர்வது மேல் ஸட்ஜம். சரியாக அந்த இடத்தில் குரல் நின்றால், தம்புராவின் நாதத்தில் அது கரைந்துபோகும். பாடுகிறவனுக்கே தன் குரல் கேட்காது. ஒரு மயிரிழை ஏறியோ தாழ்ந்தோ நின்றால் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். எட்டு அட்சரம் நின்றால்தான் இந்த வித்தியாசம் காதுக்கு எட்டும். தொட்டுவிட்டு ஓடுகிறவனுக்கு இது ஜன்மத்துக்கும் தெரியாது.

நின்று முடித்ததும் பாடம் மேலே போகிறதா? அதுவும் இல்லை. ஓர் அடி பின்வாங்குகிறது. தைவதத்துக்கு இறங்கி, த நி ஸ ரி என்று மறுபடி வந்து, ரிஷபத்தை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. வந்த வழியே கீழ் ஸட்ஜம் வரை இறங்கி வந்து சேருகிறது. அடுத்தடுத்த வரிசைகளில்தான் காந்தாரம், மத்தியமம் என்று எல்லை விரிகிறது. பஞ்சமம் கடைசியில்தான். பாடத்துக்குப் பாடம் நடுவில் இரண்டொரு ஸ்வரம் மாறலாம், நடை இதுதான். ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து புறப்பட வேண்டும். ஒவ்வொரு தடவையும் நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அடிக்குத் திரும்ப வேண்டும்.

இந்த ராகத்தை இதற்குத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. மாயாமாளவகௌளையில் நிஷாதம் மேல் ஸட்ஜத்தை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ரிஷபமும் அந்த ஸட்ஜத்தை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ஆகையால் வாசற்படி தாண்டுவது சுலபம். அடுத்ததுதான் கஷ்டம். ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு மூன்று ஸ்வரஸ்தானம் தாண்ட வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் மத்தியமம் பக்கத்திலேயே இருக்கிறது. குழந்தைக்கு முதலில் ஒரு சிறிய படி, பிறகு ஒரு பெரிய படி, அப்புறம் ஒரு சிறிய படி. நல்ல ஆசிரியர்கள் கணக்குப் போடச் சொல்லிக் கொடுக்கிற முறையும் இதுவே.

ஒரு கதையாக இதைப் படித்தால், நான் படித்த எத்தனையோ நாவல்களைவிட இதன் கட்டுக்கோப்பு உயர்ந்தது என்று தயங்காமல் சொல்வேன். நம்முடைய தொடர்கதைகளைப் பாருங்கள். வாரத்துக்கு ஓர் உச்சகட்டம். ஒரு வாரம் கதாநாயகி கிணற்றில் விழுகிறாள்; அடுத்த வாரம் கதாநாயகனுக்குக் கண் போகிறது. எல்லா அத்தியாயமும் தாரஸ்தாயி பஞ்சமத்தில் கூவினால், உண்மையான துக்கம் வருகிற அத்தியாயத்தில் கூவுவதற்குத் தொண்டையில் என்ன மிச்சமிருக்கும்? இந்தக் குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். என் பழைய நாவல் ஒன்றில் மூன்று பேர் அடுத்தடுத்துச் சாகிறார்கள். மூன்றாவது சாவுக்கு யாரும் அழவில்லை என்று ஒரு வாசகி கடிதம் எழுதினார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

இந்தப் பாடத்தின் ஏணியையே பெரிய கலையாக்கிக் காட்டியவர் சியாமா சாஸ்திரிகள் (1762-1827). அவருடைய பைரவி ஸ்வரஜதியில் எட்டுச் சரணங்கள். முதல் சரணம் ஸட்ஜத்தில் ஆரம்பிக்கிறது; அடுத்தது ரிஷபத்தில்; இப்படிச் சரணத்துக்கு ஒரு ஸ்வரமாக ஏறி, எட்டாவது சரணம் மேல் ஸட்ஜத்தில் ஆரம்பிக்கிறது. குழந்தைகள் எட்டு அட்சரத்தில் ஓடிவிடுகிற தூரத்தை அந்த மகான் எட்டுச் சரணங்களில் கடக்கிறார். ஒவ்வொரு படியிலும் நின்று, அந்தப் படியிலிருந்து பைரவி எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி. மேல் ஸட்ஜம் வரும்போது அது சம்பாதித்த ஸட்ஜமாக இருக்கிறது. கேட்கிறவர்களுக்குக் கண் கலங்குவதற்கு உயரமா காரணம்? ஏறி வந்த வழியல்லவா காரணம்!

அப்படியானால் உச்சஸ்தாயி மோகம் எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு நியாயமான பிறப்பு உண்டு. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேரவேண்டும். கீழ்ஸ்தாயி அங்கே போகாது, மேல்ஸ்தாயிதான் போகும். செங்கோட்டை கிட்டப்பா (1906-1933) போன்ற நடிகர்கள் அந்த மேடையிலிருந்து எழுந்தவர்கள். 27 வயதில் போய்விட்ட அந்த மனிதரின் இசைத்தட்டை இன்றைக்குப் போட்டாலும் அறை நிறைந்துவிடுகிறது. பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களின் பிழைப்பே அந்தக் குரல்தான். மகரக்கட்டு உடைந்ததும் பாட்டுக்காரப் பையன் கதி கலங்கிப் போவான். அங்கே உயரம் என்பது வயிற்றுப்பாடு.

பிறகு ஒலிபெருக்கி வந்தது. முணுமுணுத்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று ஆயிற்று. தேவை போய்விட்டது, ருசி மட்டும் தங்கிவிட்டது. விருந்தாளி போனபிறகும் வாசலில் கோலம் இருக்கிற மாதிரி, நமக்கு இன்னும் மேல் பஞ்சமம் கேட்டால்தான் கை தட்ட வருகிறது.

வித்வான்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டார்கள் என்பதற்கு அத்தாட்சி உண்டு. நாகஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் திமிரி நாயனம். குட்டை, சுருதி அதிகம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) சுருதி தாழ்ந்த, நீளமான பாரி நாயனத்தை எடுத்து வாசித்த பிறகு அதுவே எங்கும் பரவியது. சுருதியைத் தாழ்த்தினதால் அவருடைய தோடி தாழ்ந்துபோயிற்றா? எம். டி. ராமநாதன் (1923-1984) என்ன சுருதியில் பாடினார்? கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அத்தனை தாழ்ந்த சுருதி, அத்தனை நிதானம். ஆரம்பத்தில் சிரித்தவர்கள் உண்டு. இன்றைக்கு அவருடைய ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உயரம் என்று நாம் சொல்வதே ஒப்பிட்டுச் சொல்கிற வார்த்தை. ஆர்மோனியக் கட்டையைக் கொண்டு சுருதியைச் சொல்கிறோம். ஒரு கட்டையில் பாடுகிற ஆண்பிள்ளையின் மேல் பஞ்சமமும், ஐந்து கட்டையில் பாடுகிற பெண்பிள்ளையின் மேல் ஸட்ஜமும் ஒரே ஒலிதான்; இரண்டும் விநாடிக்கு ஏறக்குறைய 392 அதிர்வு. ஒருவருக்குக் கோபுரக் கலசமாக இருப்பது இன்னொருவருக்கு வாசற்படி. ஆகையால் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அரைக் கட்டை ஏற்றுவது என்பது ராகத்தை உயர்த்துவதாகாது. ராகம் இருந்த இடத்தில்தான் இருக்கும், சிரமப்படுவது தொண்டை.

அந்தத் தொண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரல் நாண்கள் என்று வைத்தியர்கள் சொல்கிற இரண்டு மடிப்புகளும் வளர்ந்த ஆண்பிள்ளைக்கே ஓர் அங்குல நீளம் இருக்கா. ஸ்தாயி ஏற ஏற அவை இழுபட்டு மெலிந்து, வேகமாக ஒன்றோடொன்று மோதுகின்றன. பழக்கி, மூச்சை அளந்து விட்டால் அவை எவ்வளவோ தாங்கும். மூச்சை முட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினால் மோதுகிற இடத்தில் தடிப்பு விழும். உள்ளங்கையில் காய்ப்பு விழுகிற மாதிரிதான். உள்ளங்கையில் காய்த்தால் உழைப்பாளி என்பார்கள்; தொண்டையில் காய்த்தால் பாட்டுப் போய்விடும். பனங்கற்கண்டும் சித்தரத்தையும் அதிமதுரமும் இதமாகத்தான் இருக்கும். ஆனால் இதற்கு முதல் மருந்து ஓய்வு. அடுத்தது, கத்தாமல் பாடக் கற்றுக்கொள்வது.

மேல்ஸ்தாயியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜி. என். பாலசுப்பிரமணியம் (1910-1965) மேலே போய்ப் பிருகாக்களை உதிர்க்கிறபோது அந்தச் சந்தோஷத்தை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கீர்த்தனைகளில் பல்லவி கீழே உலாவிக்கொண்டிருக்க, அநுபல்லவி மேல் ஸட்ஜத்தை நோக்கி எழுகிறதே, அந்த எழுச்சி இல்லாவிட்டால் நம் சங்கீதத்தில் பாதி இல்லை. அந்த அநுபல்லவிக்குத்தானே இந்தச் சாதகம்! என் கட்சி இவ்வளவுதான்: போகத் தெரிந்தவன் நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும், திரும்பவும் தெரிந்திருக்க வேண்டும்.

மேலே போகவே போகாத ராகங்களும் நம்மிடம் இருக்கின்றன. நாதநாமக்கிரியை, புன்னாகவராளி இரண்டும் நிஷாதத்தோடு நின்றுவிடுகிறவை. குறிஞ்சி தைவதத்தோடு நின்றுவிடும். நவரோஜ் பஞ்சமத்தோடு திரும்பிவிடும். இலக்கணப்படி இவற்றுக்கு மேல் ஸட்ஜமே கிடையாது. ஆனால் கல்யாண வீட்டில் ஊஞ்சலிலும், தொட்டில் பக்கத்திலும் நம்முடைய பாட்டிமார்கள் பாடியது இந்த ராகங்களைத்தான். ஒரு வீட்டின் துக்கமும் சந்தோஷமும் ஆறேழு ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. வீட்டுக்குள் பேச யார் கூரைமேல் ஏறுகிறார்கள்?

இவ்வளவு நியாயம் பேசுகிற நான் ஒரு காலத்தில் செய்த காரியத்தை இப்போது சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மேலே எழுதியதற்கெல்லாம் மதிப்பில்லை.

1979-இல், தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், ராமநவமி உற்சவத்தில் ஓர் இளைஞரின் கச்சேரி கேட்டேன். அவருக்கு 22 வயது இருக்கும். பெயர் வேண்டாம். அன்றைக்கு மோகனம் பாடினார். மேல் பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார் பாருங்கள், பந்தலில் ஓர் ஈ ஆடவில்லை. விட்டதும் கரகோஷம் அடங்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. நான் ஊருக்குத் திரும்பி ஒரு பத்திரிகையில் நீளமாக எழுதினேன். பஞ்சமத்தைப் பற்றியே ஒரு பக்கம். உவமைக்கு மேல் உவமை. கட்டுரையின் கடைசியில், 'மற்ற உருப்படிகளும் நன்றாக அமைந்தன' என்று ஒரு வரி. அந்த 'மற்ற உருப்படி'களில் ஒன்று புன்னாகவராளி. விளக்கெல்லாம் மங்கின மாதிரி, பக்கத்தில் யாரோ உட்கார்ந்து காதோடு பேசுகிற மாதிரி அதைப் பாடினார். எனக்கு அன்று கண்ணில் நீர் வந்தது அதற்குத்தான். பஞ்சமத்துக்கு அல்ல. ஆனால் பஞ்சமத்தைப் பற்றி எழுதுவது சுலபம். புன்னாகவராளியைப் பற்றி எழுதுவது கஷ்டம். சுலபமானதை எழுதினேன்.

பிறகு நாலைந்து வருஷம் அவர் பெயர் அங்கங்கே அடிபட்டது. போகிற இடமெல்லாம் 'பஞ்சமம், பஞ்சமம்' என்று சபை கேட்டதாம். சுருதியையும் அரை, ஒன்று என்று ஏற்றிக்கொண்டே போனதாகச் சொன்னார்கள். ஏழாவது எட்டாவது வருஷம் பெயரே கேட்கவில்லை. எனக்கும் நாவல் எழுதுகிற அவசரம். மறந்துவிட்டேன்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அதே ஊருக்குப் போயிருந்தேன். மாலையில் தெருவோடு நடந்து போகும்போது ஒரு வீட்டிலிருந்து பாட்டு வகுப்பு கேட்டது. மேல்ஸ்தாயி வரிசை. வாத்தியார் பாடவில்லை; சொல்லிக்கொண்டிருந்தார். கரகரத்த குரல்.

"ஏம்மா ஓடறே? மேல் ஸட்ஜத்துலே உட்காரு. உட்கார்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கணும். அங்கே யாரும் உன்னைத் துரத்தலே."

திண்ணையிலேயே நின்றுவிட்டேன். பாடம் முடிந்து குழந்தைகள் போனபின் அவர் வெளியே வந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. நான் பெயரைச் சொன்னேன். ஒரு க்ஷணம் பார்த்துவிட்டு, "வாங்க ஸார், உள்ளே வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். காபி வந்தது. கல்யாணம் யார் வீட்டில், எத்தனை நாள் இருப்பேன் என்றெல்லாம் விசாரித்தார். நான்தான் பொறுக்க முடியாமல், "கச்சேரியெல்லாம்..." என்று இழுத்தேன்.

"எண்பத்தாறோட சரி. மத்தியமத்துக்கு மேலே வெறும் காத்துதான் வந்தது. டாக்டர் ஆறு மாசம் வாயைத் திறக்காதேன்னார். எனக்குக் கல்யாண சீசன். திறந்தேன்" என்றார். கோபமோ வருத்தமோ இல்லாமல், அடுத்த வீட்டுக்காரர் கதையைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்க கட்டுரையை எங்க அம்மா ரொம்ப நாள் பெட்டியிலே வச்சிருந்தாங்க, ஸார்" என்றார்.

நான் பேசவில்லை.

"அன்னிக்கு நான் பத்து நாள் உசிரைக் கொடுத்துத் தயார் பண்ணினது புன்னாகவராளி. அதைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கான்னு தேடித் தேடிப் பார்த்தேன். இல்லே. சரி, பெரியவங்களுக்கே பஞ்சமந்தான் காதிலே விழுந்திருக்கு, அதுதான் நம்ம சொத்து போலிருக்குன்னு நினைச்சுட்டேன். சின்ன வயசுதானே!"

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்கும் அந்தப் புன்னாகவராளிதான் நினைவிருக்கிறது" என்று சொன்னேன். நாற்பது வருஷத்துக்கு மேல் தாமதமாகச் சொன்னேன்.

"அப்படியா?" என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போயிற்று. பிறகு அவர் சுருதிப் பெட்டியைப் போட்டார். உள்ள குரலை வைத்துக்கொண்டு, நிஷாதத்துக்குள்ளேயே, அந்தப் பாட்டின் பல்லவியை மட்டும் பாடிக் காட்டினார். கரகரப்பு இருந்தது, அங்கங்கே காற்று இருந்தது. ராகம் முழுதாக இருந்தது.

அவர் குரல் போனதற்கு என் கட்டுரை ஒன்றுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டால் அதுவும் ஒரு கர்வந்தான். சபை இருந்தது, கரகோஷம் இருந்தது, அவருடைய வயசு இருந்தது, கல்யாண சீசன் இருந்தது. ஆனால் விமரிசகன் தட்டுகிற கை மற்றவர் தட்டுகிற கையைவிடக் கொஞ்சம் உரக்கக் கேட்கிறது. அச்சில் வேறு நின்றுவிடுகிறது. எதற்குக் கை தட்டுகிறோமோ அதைத்தான் பாடகன் அடுத்த ஊருக்கு எடுத்துப் போகிறான். இது பாட்டுக்கு மட்டும் அல்ல, எழுத்துக்கும் பொருந்தும். வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. உச்சகட்டத்துக்கு மட்டும் கடிதம் எழுதுகிற வாசகர், எழுத்தாளனுடைய தொண்டையையும் கொஞ்சம் புண்ணாக்குகிறார்.

ஆகையால் மேல்ஸ்தாயி வரிசையைப் பற்றி என் தீர்ப்பு இது. பாடம் குற்றமற்றது. நாம் அதைக் கேட்கிற விதத்தில்தான் குற்றம். பஞ்சமம் என்பது அதில் கடைசியில் வருகிற ஒரே ஒரு ஸ்வரம். அதற்கு முன்னால் நிற்பதும் அதற்குப் பின்னால் இறங்குவதுந்தான் பாடத்தில் பெரும்பகுதி. ஒரு குழந்தை ஒழுங்காகச் சாதகம் செய்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், மேலே போகும்போது கேட்க வேண்டாம். இறங்கி வரும்போது கேளுங்கள். கீழ் ஸட்ஜம் புறப்பட்ட இடத்திலேயே, புறப்பட்ட மாதிரியே இருந்தால், அந்தக் குழந்தைக்குச் சங்கீதம் வரும். அங்கே மூச்சு வாங்கினால், சுருதி ஓர் இழை நழுவினால், மேலே செய்த சாகசம் எல்லாம் கடன் வாங்கிச் செய்த கல்யாணம்.

இந்தக் கட்டுரையை முடித்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போகப் போகிறேன். அந்தப் பெண்ணின் தகப்பனாரிடம், சுருதியை ஏற்ற வேண்டாம், முடிந்தால் அரைக் கட்டை இறக்குங்கள் என்று சொல்வேன். 'போட்டியில் எடுபடாதே ஸார்' என்பார். எடுபடாமல் போகலாம். பஞ்சமத்துக்குப் பரிசு கொடுப்பார்களே ஒழிய, நிற்பதற்குப் பரிசு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். ஒரு தடவை வாசலில் சிரித்துவிட்டு உள்ளே வந்தது போதும்.